கொழுப்பு மாத்திரைக்கு வேறு பெயர் வைத்தது

1. லைனில் காத்திருந்த டிரைவர்

அர்த்தனாரி அண்ணனை கேஷுவாலிட்டிக்குள் தள்ளுநாற்காலியில் கொண்டுவந்தபோது அவர் கையில் போன் இருந்தது. போனில் ஒரு டிரைவர் இன்னும் லைனில் இருந்தார். "அண்ணா, கேக்குதுங்களா? வண்டிய எங்க விடறதுங்கண்ணா?" என்று அந்தப் போன் கத்திக்கொண்டே இருந்தது.

அண்ணன் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். வடநாட்டில் சரக்கை இறக்கிவிட்ட லாரி காலியாகத் திரும்பாமல், அங்கிருந்தே வேறு லோடு பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். ஒரு மேசை, இரண்டு போன், நான்கு மொழி. இதுதான் மொத்த முதலீடு. அன்று காலை நாக்பூரில் நின்ற வண்டிக்குப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் ஏதோ சொல்லியிருக்கிறார். அது தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. ஆபீஸைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மச்சான் நடராஜ், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவரைக் காரில் ஏற்றிவிட்டார். தண்ணீர் தெளிக்கவில்லை, எலுமிச்சம்பழம் தேடவில்லை. ஏனென்றால் இதே காட்சியை அவர் மார்ச் மாதம் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

நாங்கள் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, சி.டி.க்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் அண்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"நல்லாத்தானுங்க இருக்கறேன். அந்தப் போன இப்பிடிக் குடுங்க. பையன் ரோட்ல நிக்கறான்."

"நீங்க மொதல்ல படுங்க மாப்ள" என்றார் நடராஜ். "அவன் ரோட்லதான் நிக்கறான், நீங்க எங்க நின்னீங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

கேஷுவாலிட்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இப்படி வந்து தானே சரியாகிவிடும் தாக்குதலுக்கு எங்கள் பேச்சில் டி.ஐ.ஏ. என்று பெயர். மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டு, மறுபடி திறந்துகொள்வது. ஆள் நன்றாக இருப்பதால் எல்லாரும் ஆசுவாசப்படுவார்கள். பெரிய பக்கவாதம் அடுத்த சில நாட்களில் வரக்கூடும் என்று பயப்பட வேண்டிய நேரமும் அதுதான்.

2. நான் யார், அங்கே எனக்கென்ன வேலை

பார்ம்.டி. முடித்து வேலைக்கு வரும் தங்கைகள் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். சொந்த ஊர் சேலம், வேலை நாமக்கல். வார்டில் நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஏன் சாப்பிடுகிறார், உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று பார்ப்பது என் பொறுப்பு. இந்த மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது.

மார்ச் மாதம் அண்ணனுக்கு வந்தது முழுப் பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் நேரத்துக்குள் வந்துவிட்டதால் கை கால் தப்பியது. பேச்சு மட்டும் வாரக்கணக்கில் வரவில்லை. வரத் தொடங்கியபோது முதலில் வந்தது இந்தி. இருபது டன் என்பதை "பீஸ் டன்" என்று தெளிவாகச் சொன்னார். மனைவி மல்லிகா அக்காவைப் பார்த்து முழித்தார்.

"இத்தன வருசம் சோறாக்கிப் போட்டவ பேரு வரல. பீஸ் டன் வருது பாருங்க அம்மணி!" என்று அக்கா என்னிடம் முறையிட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சொல்லும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்தத் தடவை காரணம் தெளிவாக இருந்தது. கழுத்தின் இடப்பக்கத்தில் மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து, குழாய் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுருங்கியிருந்தது. வெட்டிச் சுத்தம் செய்வதா, மருந்தில் வைப்பதா என்று பேசி, மருந்து என்று முடிவானது. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று, பிறகு நல்ல அளவில் அட்டோர்வாஸ்டேடின். கடைசியில் சொன்னதை நாமக்கல் முழுவதும் "கொழுப்பு மாத்திரை" என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம்.

3. மூன்று மணிக்குள்

எம்.ஆர்.ஐ.யில் புதிய சேதம் எதுவும் இல்லை. ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு சீராக இருந்தது. அதே குழாய், அதே இடத்தில் சுருக்கம். எங்கள் நரம்பியல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிட்டும் வந்திருக்குன்னா, இந்தக் குழாயை இனிமே மருந்தை நம்பி விட முடியாதும்மா. கோயம்புத்தூர் அனுப்பி ஆபரேஷன் பண்ணிடணும். சாப்பிடலைன்னா கதையே வேற. எதுன்னு எனக்குத் தெரியணும். மூணு மணிக்கு அந்த சர்ஜன்கிட்ட பேசறேன்."

ஆபரேஷன் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. தேவைப்படுபவருக்கு அது உயிர் காக்கும். ஆனால் அந்த ஆபரேஷனிலேயே பக்கவாதம் வரும் அபாயம் சிறிய அளவில் உண்டு. அதை மறைக்காமல் டாக்டர் சொன்னபோது அண்ணன் முகம் மாறியது. அவர் என்னைத் தனியாகக் கேட்டார்.

"மேடம், கழுத்துல கத்தி வெச்சா பேச்சு போயிருமுங்களா?"

"பெரும்பாலும் போகாதுங்கண்ணா."

"பெரும்பாலும்னு சொல்லி நான் லோடு ஏத்தறதில்லீங்க." கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கை போனாக்கூடப் பரவாயில்லீங்க. வாய் போனா எனக்கு ஆபீஸ் எதுக்கு?"

அப்போதே எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டும் தாக்குதல் வந்தால் என்னென்ன காரணம் இருக்கலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கடையில் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கலாம். அளவு குறைந்திருக்கலாம். நாட்டு மருந்தோ வேறு மாத்திரையோ இடையில் புகுந்து இடைஞ்சல் செய்திருக்கலாம். மறந்திருக்கலாம். அல்லது எல்லாம் சரியாக இருந்தும் குழாய் கைவிட்டிருக்கலாம். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது காரணம்.

4. "ஒரு நாளும் தப்புலீங்க"

மல்லிகா அக்கா கட்டைப்பையோடு வார்டுக்கு வந்தார். அவரை விடத் துல்லியமாக மாத்திரை கொடுக்கும் மனைவியை நான் பார்த்ததில்லை. பிரஷர் மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த டம்ளரில் தண்ணீர் என்பது வரை சொன்னார். கடை மாறவில்லை, கம்பெனி மாறவில்லை, அளவு மாறவில்லை, நாட்டு மருந்து இல்லை.

"அக்கா, மாத்திரை எப்பவாச்சும் தப்பியிருக்கா? ஒரு நாள், ரெண்டு நாள்?"

"ஒரு நாளும் தப்புலீங்க அம்மணி. நான் இருக்கறப்ப எப்பிடித் தப்பும்?"

"பையில கொழுப்பு மாத்திரை அட்டை மட்டும் காணமே?"

"அதா? அது ஊட்ல இருக்குதுங்க."

அவசரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். என் வரிசையில் எல்லாவற்றையும் அடித்தாகிவிட்டது. குழாய் கைவிட்டது என்பது மட்டும்தான் மிச்சம். அப்படியானால் கோயம்புத்தூர்தான்.

டாக்டரிடம் சொல்லக் கிளம்பும்போது கேன்டீன் அம்மாள் மதியச் சாப்பாட்டோடு வந்தார். எங்கள் மருத்துவமனையில் சாப்பாட்டுத் தட்டில் அவித்த முட்டை இல்லாமல் இருக்காது. நாமக்கல் அல்லவா. மல்லிகா அக்கா தட்டைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார்.

"அய்யோ, இத எடுத்துட்டுப் போங்க! பொரட்டாசி மாசம். எங்கூட்ல முட்டையே தொடமாட்டோம்."

"நோயாளிக்குப் பரவாயில்லீங்கம்மா" என்றார் கேன்டீன் அம்மாள்.

"அவியளே வெரதந்தானுங்க. மொதத் தேதியிலிருந்து கவுச்சியே கிடையாது." பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ உபரியாகச் சொல்வதுபோல் சொன்னார்: "அதனாலதான் அந்தக் கொழுப்பு மாத்திரையக்கூட இந்த மாசம் எடுத்து வெச்சுட்டனுங்க. கறியும் இல்ல, முட்டையும் இல்ல. அப்பறம் எந்தக் கொழுப்பக் கரைக்க அது?"

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அக்கா, மாத்திரை தப்பலைன்னு சொன்னீங்களே?"

"தப்புலீங்களே!" அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "தப்பறதுன்னா மறந்து போறது. இது நானா நிறுத்தி வெச்சது. ஐப்பசி ஒண்ணாந்தேதி திரும்ப ஆரம்பிச்சிருவோமுங்க. போன தடவ ரிப்போர்ட்ல கொழுப்பு நார்மல்னு வேற போட்டிருந்துச்சு. நெம்பக் கொறஞ்சு போயிரப் போகுதுன்னு எனக்கு பயம்."

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தப்புவது வேறு, நிறுத்தி வைப்பது வேறு. நான் கேட்டது தப்பியதை.

மாடிப்படியில் நான் ஓடியதை நர்ஸ்கள் பிறகு பல நாள் சொல்லிக் காட்டினார்கள். நான் ஓடுகிற ஆள் இல்லை.

5. ரத்தம் என்ன சொல்லும்

டாக்டர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். நான் சொல்லி முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"புரட்டாசிக்கு மாத்திரை விரதமா?"

"ஆமா சார். அந்த ஒரு மாத்திரை மட்டும்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நிரூபிக்கணும். உன் சந்தோஷத்துக்காக நான் அவரை இங்கேயே வெச்சுக்க முடியாது."

நியாயம்தான். நிரூபிக்க வழியும் இருந்தது. மார்ச்சில் தொடங்கி மாத்திரை சாப்பிட்ட பிறகு அண்ணனுடைய கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., எழுபதுக்குக் கீழே இறங்கியிருந்தது. பக்கவாதம் வந்தவருக்கு நாங்கள் அங்கேதான் வைத்திருக்க விரும்புவோம். மாத்திரை நின்றிருந்தால் சில வாரங்களில் அது ஏறிவிடும். இன்றும் எழுபதுக்குக் கீழே இருந்தால் என் கண்டுபிடிப்பு குப்பைக்கு. ஏறியிருந்தால், குழாய் மருந்தை மீறவில்லை. மருந்தே இல்லாமல் தனியாக நின்றிருக்கிறது.

ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு வார்டில் காத்திருந்தேன். அப்போது அண்ணன் திடீரென்று நடராஜிடம், "அந்த இவன்... அந்த... அவன்தான்..." என்று கையை ஆட்டத் தொடங்கினார். வார்த்தை வரவில்லை. நர்ஸ் ஓடி வந்தார். நான் பெல்லை அழுத்தினேன். மல்லிகா அக்கா "முருகா" என்று கத்தினார்.

"ஏனுங்க இப்பிடி ஓடி வர்றீங்க?" என்றார் அண்ணன் திகைத்துப்போய். "நாக்பூர் பையன் பேரு மறந்து போச்சு. புதுசா சேந்தவன்."

"எனக்கும் தெரியாதுங்க மாப்ள" என்றார் நடராஜ்.

லேப் போன் செய்தபோது இரண்டரை மணி இருக்கும். எல்.டி.எல். நூறைத் தாண்டி இருந்தது. அந்த எண்ணை நான் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒருவருடைய கொழுப்பு ஏறியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அன்று நாமக்கல்லில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

டாக்டர் மூன்று மணிக்குக் கோயம்புத்தூருக்குப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். படங்களை அனுப்பி, நடந்ததைச் சொல்லி, இரண்டு பேரும் நெடுநேரம் விவாதித்தார்கள். முடிவு: அந்தக் கொழுப்பு மாத்திரையை உடனே முழு அளவில் தொடங்குவது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு சில வாரங்களுக்கு இன்னொன்றையும் சேர்ப்பது, வார்டில் வைத்துக் கண்காணிப்பது, இன்னொரு முறை வந்தால் தாமதமே இல்லாமல் ஆபரேஷன். வராவிட்டால் மூன்று மாதம் கழித்துக் குழாயை மறுபடி படமெடுப்பது.

முதல் மாத்திரையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கமாக இதை இரவில்தான் கொடுப்போம், ஆனால் அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இந்த மாத்திரைக்கு அது தேவையும் இல்லை.

6. பெயர் வைத்தல்

வீட்டுக்கு அனுப்பும் முன் சரிசெய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அது மாத்திரையின் பெயர்.

"கொழுப்பு மாத்திரை" என்றால் கொழுப்பு சாப்பிட்டால் தேவை, சாப்பிடாவிட்டால் தேவையில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்? போதாக்குறைக்கு நம் தமிழில் கொழுப்பு என்றால் திமிர். நடராஜ் இதை விடவில்லை. "எங்க மாப்ளைக்குக் கொழுப்பு ஏறுனது லேப்ல பாத்துத்தான் தெரியோணுங்களா? என்னக் கேட்டா நான் சொல்லியிருப்பேன்" என்றார்.

மல்லிகா அக்காவை உட்காரவைத்து விளக்கினேன். உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை, கல்லீரலே தயாரிக்கிறது. கல்லீரலுக்குப் புரட்டாசி தெரியாது. இந்த மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. அதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: குழாயின் உட்சுவரில் ஏற்கனவே படிந்திருப்பதன் மேல் உள்ள மெல்லிய மூடி கிழியாமல் உறுதியாக்குகிறது. அந்த மூடி கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து, துண்டாகி மூளைக்குப் போகும். இப்படித்தான் இது மூளையைக் காக்கிறது. மூளைச் செல்களையே நேரடியாகக் காக்கிறதா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு உறுதியான பதில் என்னிடம் இல்லை என்றும் சொன்னேன்.

அக்கா தலையாட்டினார். நான் உற்சாகத்தில் டப்பா மேல் பெரிதாக "மூளை மாத்திரை" என்று எழுதி ஒட்டினேன்.

மறுநாள் காலை அந்தத் தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க" என்றார் அக்கா. "மூள மாத்திரைன்னு எழுதி வெச்சா, பாக்கறவிய என்ன நெனப்பாங்க? மூள கொழம்பிப் போச்சுன்னு பேசுவாங்க. புள்ளைக்கு மாப்ள பாத்துட்டு இருக்கறோம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. "ரத்தக்குழாய் மாத்திரை" என்று மாற்றிப் பார்த்தேன். சரிதான், ஆனால் யார் வாயிலும் நிற்கவில்லை. "நரம்பு மாத்திரை" என்றார் நடராஜ். அது வேறு எதையோ குறிக்கும் என்று நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதுவரை படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"மேடம், நீங்க சொன்னத நான் சொல்லிப் பாக்கறேன், சரியான்னு பாருங்க. கொழுப்புங்கறது லோடு. டெஸ்ட்டுல பாக்கறது லோடு எவ்வளவுன்னு. ஆனா இந்த மாத்திர லோடு மட்டும் பாக்கறதில்ல, ரோட்டையும் பாக்குது. அப்பிடித்தானுங்களே?"

"அப்படித்தாங்கண்ணா."

"வெரதம் இருந்தா லோடு கொஞ்சம் கொறையும். ரோடு குண்டுங்குழியுமாக் கெடந்தா, காலி வண்டி போனாலும் ஸ்பிரிங் பட்டை ஒடையும்." மனைவி பக்கம் திரும்பினார். "இந்தா மல்லிகா, இது ரோட்டு மாத்திர. பொரட்டாசின்னு ஹைவேக்காரன் ரோட்டப் பாக்காம உட்ருவானா?"

"அத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தா நான் எதுக்கு எடுத்து வெக்கறேன்?" என்றார் அக்கா.

பிறகு அவரே டப்பாவை என்னிடம் நீட்டினார். நான் "ரோட்டு மாத்திரை" என்று எழுதினேன். அந்தத் தாள் கிழியவில்லை.

7. நான் எடுத்துக்கொண்டவை

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான்.

மாத்திரை தப்பியதா என்று மட்டும் கேட்காதீர்கள். எதையாவது நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, எந்த மாதம், எதற்காக என்று கேளுங்கள். பதில் மாத்திரைப் பையில் இருக்காது; சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது வரும். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலத்துக்கு முன்பும் நான் இப்போது இதைக் கேட்கிறேன். சேலத்தில் என் பங்குக் கோயிலிலேயே இரண்டு பேர் நாற்பது நாளுக்கு நிறுத்திவைக்கும் யோசனையில் இருந்தார்கள்.

ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். வேலை முடிந்தது என்று பொருள் இல்லை. இதை அந்தத் தாளைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பக்கவாதம் வந்த எல்லாருக்கும் இதே மாத்திரை, இதே அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தக்கசிவால் வந்தவருக்குக் கணக்கு வேறு. தசைவலி வந்தால் பொறுத்துக்கொள்ளவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. வந்து சொல்ல வேண்டும். தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை.

மாத்திரைக்குப் பெயர் வைக்கும்போது நோயாளியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரோடு வாழப்போவது அவர்தான்.

8. தை மாதம்

அண்ணன் மூன்று மாதம் கழித்து வந்தார். இடையில் ஒரு முறைகூடப் பேச்சு தடுமாறவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் படத்தைப் பழைய படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். சுருக்கம் கூடவில்லை. உட்சுவர் முன்பைவிட வழவழப்பாக இருந்தது. எல்.டி.எல். மறுபடி எழுபதுக்குக் கீழே வந்திருந்தது.

"இப்போதைக்குக் கத்தி வேண்டாம்" என்றார் டாக்டர். "ஆறு மாசத்துக்கு ஒருமுறை பாப்போம்."

அக்கா என் கையை விடவில்லை. அண்ணன் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"மேடம், இத எத்தன நாளைக்குச் சாப்பிடோணுங்க?"

"உயிரோட இருக்கற வரைக்குங்கண்ணா."

அவர் சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நெம்ப நாளைக்கு ஆகுமுங்க. கடையில சொல்லி வெச்சிருங்க."